அந்தச் சனிக்கிழமைப் பட்டறையும் என் மணிலா அட்டைகளும்

போன சனிக்கிழமை ஆசிரியர் பயிற்சிப் பட்டறையில் நடந்தது நம் மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆங்கில ஆசிரியர் புலனக்குழுவில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். காணொளியும் சுற்றிவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் வளராததற்கு ஆசிரியர்களின் மனப்போக்குதான் காரணம்" என்றார் பேச வந்தவர். அதோடு விட்டாரா? நான் தடித்த மணிலா அட்டையில் வெட்டிக் கொண்டுபோயிருந்த எழுத்தட்டைகளைத் தூக்கிக் காட்டி, "இன்னுமா டீச்சர் மணிலா அட்டை வெட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது எனக்கு வலிப்பது அதுதான்.

எங்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வகுப்பைப் பார்க்காமல் பயிற்சி கொடுக்க வராதீர்கள் என்கிறேன்.

அந்த அட்டையில் என்ன இருந்தது என்று அவர் ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம். நான் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் எங்கள் வாயில் பழைய பெயர்தான். என் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். ஏழு வயதில் தமிழ் எழுத்து, மலாய் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு மூன்றும் ஒரே சமயத்தில் அவர்கள் தலையில் ஏறுகின்றன. மலாயில் 'சி' (c) என்ற எழுத்துக்கு ஒலி 'ச'தான். சிச்சாக், சாவான் என்று வாசித்தால் சரி போடுகிறோம். 'யு' (u) என்ற எழுத்து 'உ' என்று ஒலிக்கும், புக்கு, சூசு. அடுத்த பாடவேளை ஆங்கிலம். அதே பிள்ளை 'கப்' (cup) என்ற சொல்லைப் பார்த்து 'சுப்' என்கிறான். 'கேக்' (cake) என்பதை 'சாக்கே' என்கிறான். அவன் மக்கு இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் நாம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறான்!

அதனால்தான் என் அட்டையில் ஒரே எழுத்து இரண்டு நிறத்தில் இருக்கிறது. மலாய் ஒலிக்கு நீலம், ஆங்கில ஒலிக்குச் சிவப்பு. அட்டையைத் திருப்பினால் பிள்ளை வாயைத் திருப்பிக்கொள்கிறான். எந்தப் பயிற்சியிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பிள்ளைகள் தப்புத் தப்பாக வாசித்ததைக் கேட்டுக் கேட்டுக் கற்றது.

அவர் கொடுத்ததோ, ஆளுக்கொரு கைப்பேசி இருந்தால் மட்டும் நடக்கும் புதிர்ச் செயலிகள். என் பிள்ளைகளில் பலர் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2020-இல் பள்ளி மூடியிருந்தபோது ஒரு மாணவி இரவு எட்டு மணிக்கு மேல்தான் பாடம் அனுப்புவாள். அப்பா வந்து, குளித்து, சாப்பிட்டு, அப்புறம் அவள் கைக்கு வரும். இதற்குப் பெயர் மனப்போக்கா?

"நீங்கள் மாற்றத்துக்குப் பயப்படுகிறீர்கள்" என்று சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள். 2012-இல் ஆங்கில ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது ஆப்டிஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதினேன், வகுப்புக்கும் போனேன். 2018-இல் முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் பாடநூல் வந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து படித்தேன். மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலான சி.இ.எப்.ஆர். தரப்படி ஆசிரியர் சி1 என்ற உயர்நிலையை எட்ட வேண்டும், ஆறாம் ஆண்டு பிள்ளை ஏ2 என்ற அடிப்படை நிலையை எட்ட வேண்டும் என்றால் அதற்கும் சம்மதம். ஒரு முறை ஒரு பயிற்றுநர் என் வகுப்பின் பின்வரிசையில் நாற்காலி போட்டு மூன்று பாடவேளை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள், கொஞ்சம் காத்திருங்கள்." இன்றுவரை அதைக் கடைப்பிடிக்கிறேன். பயிற்சி என்றால் அது.

நகரத்துத் தமிழ்ப்பள்ளிகள் சாதிக்கின்றனவே என்கிறீர்களா? சாதிக்கட்டும், பெருமைதான். பிள்ளைகள் மிகக் குறைவான பள்ளியில் இரண்டு வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, இரண்டு பாடநூலை ஒரே நேரத்தில் நடத்திப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொரு பேச்சும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் என்ன வரப்போகிறது என்று. அதை நம் ஆட்களே சொல்கிறார்கள். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபோது நாங்கள் குடியிருந்த லாயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. எனக்குப் பதினொரு வயது. "நீ படிச்ச பிள்ளைதானே, பாரும்மா" என்று நீட்டினார். தேதியும் தோட்டத்துப் பெயரும் தவிர ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினேன். அப்பா பக்கத்துத் தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் (எழுத்தர்) சைக்கிளில் கொண்டுபோய்ப் படித்துக்கொண்டு, இருட்டிய பிறகு வந்தார். நான் ஆங்கில ஆசிரியை ஆனது அந்தக் கடிதத்தால்தான். என்னைப் பார்த்து அக்கறை இல்லாதவள் என்று ஒருவர் மைக் பிடித்துச் சொல்லிவிட்டுப் போகிறார், நாம் கைதட்டுகிறோம்.

சரி. தோட்டப்புறப் பள்ளிகளில் ஆங்கிலம் போதிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகள் மலாய் ஒலியில் வாசிக்கும் ஆங்கிலச் சொற்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்தச் சொல், எப்படி வாசித்தார்கள், அது போதும். பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். தொகுத்து, அட்டையாக்கி, படியெடுத்து, கேட்கிற பள்ளிக்கெல்லாம் நானே அனுப்புகிறேன். என்னிடம் இப்போது நாற்பத்தொரு சொல் இருக்கிறது.