எது இசைன்னு யார் சொல்றது?

ஒழுங்கா வந்தா இசை, ஒழுங்கில்லாம வந்தா இரைச்சல்னு ரொம்ப பேர் ஈஸியா சொல்லிடுறாங்க. பர்மாவுல, யாங்கோன்ல இருந்துக்கிட்டு இப்படிச் சொல்ல எப்படி மனசு வருதுன்னு எனக்குப் புரியல.

இங்க பட்டானம்ங்கிற பௌத்த நூல ஓதுற நாள்ல மைக் கட்டி ராத்திரி பகலா பொங்கிங்க (புத்த பிக்குங்க) மாத்தி மாத்தி ஓதுவாங்க, குரல் ஒரே நடையில ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், தெருவுல குழந்தைங்க அதக் கேட்டுக்கிட்டே தூங்கிடும். அதவிட ஒழுங்கு எங்க இருக்கு? ஆனா எந்தப் பொங்கிகிட்டயாவது போய் 'நல்ல இசைங்க'ன்னு சொல்லிப் பாருங்க, ஒத்துக்க மாட்டார். தம்மத்தப் பாட்டா இழுத்து ஓதுனா அஞ்சு கேடுன்னு புத்தர் சொன்னதா அங்குத்தர நிகாயம்ங்கிற பௌத்த நூல்லயே இருக்கு. ஓதுறவனுக்குத் தன் குரல் மேலயே ஆசை வந்துடும், கேக்குறவனுக்கும் அந்தக் குரல் மேல ஆசை வந்துடும், 'நம்மள மாதிரியே இவங்களும் பாடுறாங்களே'ன்னு ஊர் குறை சொல்லும், மன ஒருமை கலையும், பின்னால வர்றவங்களும் இதையே புடிச்சுக்குவாங்க. எட்டு சீலம்ங்கிற பௌத்த விரதம் எடுத்தவங்களுக்கு ஆட்டம், பாட்டு, வாத்தியம் எதுவும் ஆகாது, ஆனா இந்த ஓதல நாள் முழுக்கக் கேக்கலாம்.

நம்ம சூலியா (தமிழ் முஸ்லிம்) கூட்டாளிங்க கிராஅத்னு குர்ஆன ராகமா ஓதுறதும் அப்படித்தான். உருகிப்போய்க் கேக்கலாம், பாட்டுன்னு மட்டும் சொல்லக்கூடாது. அவங்க சொல்றத நாம மதிக்கிறோம். மதிக்கணும்.

இத விட எனக்கு ஆச்சரியம் கெட்டிமேளம். தவில்காரர் நாதஸ்வரத்தோட சேர்ந்து அவ்வளவு நேரம் கணக்கு பாத்து வாசிச்சுக்கிட்டு இருப்பார், ஐயர் விரலத் தூக்கி ஆட்டுவார், அவ்வளவுதான், கணக்கெல்லாம் விட்டுட்டு அடி அடின்னு அடிப்பார், ஏன்னா அந்த நேரத்துல தும்மலோ அபசகுனமான பேச்சோ யார் காதுலயும் விழக்கூடாது. அதே கை, அதே தவில், ஒரு நொடிக்கு முன்னால கச்சேரி, இப்ப சத்தத்த மறைக்கிற சத்தம். அப்ப இசைங்கிறது சத்தத்துல எங்க இருக்கு? செய்றவர் எதுக்காகச் செய்றார்ங்கிறதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இத நான் இவ்வளவு இழுத்து எழுதக் காரணம் தப்புங்கிற மேளம், பறைன்னும் சொல்வாங்களே அதுதான். நம்ம திருவிழா நோட்டீஸ்ல 'மங்கள இசை'ன்னு போட்டு நாதஸ்வரக் குழு பேரப் பெருசாப் போடுறாங்க, தப்பு அடிக்கிறவங்க பேரு நோட்டீஸ்லயே இல்ல. கேட்டா 'அது வெறும் அடிதானேப்பா'ங்கிறாங்க. பக்கத்துல போய்ப் பாத்திருக்கீங்களா? வைக்கோலப் பத்தவச்சு, தோல அதுல காட்டி, விரலால சுண்டிப் பாத்து, இன்னும் தொய்வா இருக்குன்னு திரும்பக் காட்டி, குரல் 'டண்'ணுன்னு எழும்புற வரைக்கும் விடமாட்டாங்க. அப்புறம்தான் ஒரு கையில அடிக்குச்சி, ஒரு கையில சிண்டுக்குச்சி. பர்மாக்காரங்க சைங் வைங்ல வட்டமா 21 மத்தளத்த மாட்டி, சோத்தையும் சாம்பலையும் பிசைஞ்சு ஒவ்வொண்ணுலயும் அப்பி அப்பிச் சுருதி சேக்கும்போது நம்ம ஆளுங்க வாயத் தொறந்து பாக்குறாங்க, நெருப்புல சுருதி சேக்குறது மட்டும் கண்ணுக்குத் தெரியல. ஏன் தெரியலன்னு எல்லாருக்கும் தெரியும், சாதி கடல் தாண்டி நம்ம கூடவே வந்துச்சு.

பொங்கி தான் ஓதுறது இசை இல்லன்னா தலையாட்டி ஒத்துக்குறோம். தப்புக்காரர் தான் வாசிக்கிறது இசைன்னு சொன்னா மட்டும் ஏன் அவர் வாய அடைக்கிறோம்?

அப்ப யார் எத வேணா இசைன்னு சொல்லிக்கலாமான்னு கேப்பீங்க. சொல்லிக்கட்டும். நல்ல இசையா, மோசமான இசையாங்கிற சண்டைய அதுக்கப்புறம் போடலாம், அது வேணும்கூட. குயில் கூவுறது என்னன்னு கேட்டா, குயில் எதுவும் சொல்லல, அத நான் சேக்கல.

வர்ற திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி கமிட்டியில இதப் பேசத்தான் போறேன். 'மங்கள இசை'க்குக் கீழ ரெண்டு குழு பேரும் ஒரே சைஸ் எழுத்துல வரணும். கூட நின்னு பேசுறவங்க கமெண்ட்ல சொல்லுங்க.