டைமரை மாற்றக் கேட்டால் மோட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்

இன்னும் ஒருத்தர் "இது இப்ப வாறதில்லை அக்கா" என்று சொன்னால் அந்தக் கடை வாசலிலேயே நின்று கத்திவிடுவேன். சாமானைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எப்படித் தெரியும், வாறதா வாறதில்லையா என்று?

நான் கேட்டது கிணற்று மோட்டருக்குப் பூட்டுகிற டைமர். வட்டத் தகடு, சுற்றிவர 96 பல், ஒரு பல்லுக்குக் கால் மணித்தியாலம். அப்பா பூட்டியது. பின்னால் இருப்பது நாலே நாலு திருகு. டைமர் தான் ஓடுவதற்கு இரண்டு, மோட்டரைப் போட்டு நிறுத்த இரண்டு. இதில் என்ன மர்மம் இருக்கிறது?

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடை. மேசையில் டைமரை வைத்தேன். தம்பி போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வாறதில்லை." திருப்பிப் பாருங்கோ தம்பி, நாலு வயர்தான் என்றேன். விரலால் ஒரு தட்டுத் தட்டினார், என் பக்கம் தள்ளினார். "பழசு அக்கா." பழசு என்று எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே வந்தேன்! அதே அளவில் வேறு கம்பெனிச் சாமான் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே இருந்த முதலாளியிடம் கேட்டார். அவர் எழும்பியும் வரவில்லை, அங்கிருந்தே சத்தம் போட்டார்: "மோட்டரோட புது செட் எடுக்கச் சொல்லு."

ஓடுகிற மோட்டரை ஏன் எறிய வேண்டும்? ஒரு குதிரைவலு மோட்டர், சுருள் கருகவில்லை, சத்தம் இல்லை, தண்ணீரை மேல்தாங்கிக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புறம் வயரிங் செய்கிறவர் வந்தார். கையோடு டிஜிட்டல் டைமர் ஒன்று கொண்டுவந்து, மோட்டர் வயரை நேரே அதில் கொடுத்துவிட்டார். அண்ணை, இடையில் கொன்டாக்டர், அதுதான் டைமர் சொல்கிறபடி மோட்டரின் பெரிய கரண்டைத் தான் தாங்கிப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச், வேண்டாமா என்று கேட்டேன். "16 அம்பியர் எண்டு போட்டிருக்குது, பயப்பிடாதேங்கோ" என்றார். அந்த 16 என்பது ஹீட்டர் மாதிரிச் சாமானுக்கான கணக்கு. மோட்டர் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது உள்ளே இருக்கிற தொடுமுனையில் பொறி பறக்கும். பறந்து பறந்து ஒருநாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். பழைய டைமர் போனதே அப்படித்தான். உப்புக் காற்றும் தன் பங்கைச் செய்திருக்கும், கடற்கரை வீட்டில் எந்த இரும்பு மிஞ்சுகிறது?

புதியதும் ஒட்டிக்கொண்டது. இரவு முழுக்க மோட்டர் ஓடியது. தாங்கி நிரம்பி, வழிந்து, பக்கத்து வீட்டு வளவு வரை தண்ணீர். வழிந்த தண்ணீரைக்கூட விடுங்கள். இது ஆவணி மாதம், மாரி தொடங்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. கடலோரத்து உப்புவெளிப் பக்கம் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் நல்ல தண்ணீர் கீழே போய்க் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். ஒரு கிணறு உவர்த்துவிட்டால் யார் அதை மாற்றித் தருவார்? அதுவும் "இப்ப வாறதில்லை" தானே!

காலையில் அவருக்குப் போன் எடுத்தால், "உங்கட மோட்டர்தான் பிழை, புதுசு போடுவம்" என்கிறார். மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை. திருகாணிச் சாவி அவரது சட்டைப் பையிலேயே இருக்கிறது, அதை வெளியில் எடுக்க மனமில்லை. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோதுகூட, நின்றுபோன பழைய தகட்டைக் கையால் சுற்றி நேரத்துக்கு வைத்தால் அது தன் வேலையைச் செய்தது. நான் கேட்பது அதே வேலையைச் செய்கிற ஒரு டைமரும், நடுவில் ஒரு கொன்டாக்டரும். வேறொன்றுமில்லை.

அந்த டிஜிட்டல் டைமரின் பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருண்டை முள் 5 அம்பியர், உருண்டை முள் 15 அம்பியர், சதுர முள் 13 அம்பியர் என்று ஒரே வீட்டில் மூன்று விதத் துளை. வந்த சாமானுக்கு இரண்டே முள். இவர் என்ன செய்தார் தெரியுமா? என் மகளின் பேனையை எடுத்து, சதுர முள் துளையின் உள்மூடி திறக்க மேல் துளையில் குத்தி, பிளக்கைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். பேனை இன்னும் அங்கேயே நிற்கிறது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எதைக் கொண்டு போவது?