பத்து ரூபாய் மனுவும் அக்காவின் கோப்பும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் மூன்றாவது பிரிவு ஒரே வரிதான்: குடிமக்கள் அனைவருக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு. ‘குடிமக்கள்’ என்ற அந்தச் சொல் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை, புழல் ஈழத் தமிழ் அகதிகள் முகாமில் வசிக்கும் ஓர் அக்காவோடு அலைந்தபோதுதான் உணர்ந்தேன். சிறுமியாகப் படகில் வந்து இறங்கியவர் அவர். வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போய்ச்சேர, நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிட்டு ஓராண்டுக்கு மேலாகக் காத்திருந்தார். போகும்போதெல்லாம் ‘ஃபைல் மேலே போயிருக்கிறது’ என்ற ஒரே பதில்தான். எந்த மேசைக்கு, எந்தத் தேதியில் என்று கேட்க அந்தச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. எனக்கு இருக்கிறது.

ஆகவே என் பெயரில் மனு எழுதினோம். முதல் வரைவில் ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்றுதான் கேட்டிருந்தேன். வழக்கறிஞர் நண்பர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். இத்தகைய மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் தம்மிடம் உள்ள ஆவணத்தைத்தான் தர வேண்டும். காரணம் சொல்லவோ கருத்துக் கூறவோ அவர் கடமைப்பட்டவர் அல்லர். இன்னொருவரின் கோப்பைக் கேட்டாலோ, எட்டாவது பிரிவைக் காட்டி, தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். எனவே, இத்தகைய விண்ணப்பங்களை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கூறும் சுற்றறிக்கையின் நகல், மூன்று ஆண்டுகளில் வந்தவை எத்தனை, ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருப்பவை எத்தனை என மூன்றே கேள்விகளாகச் சுருக்கி, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை இணைத்து அனுப்பினோம். முப்பதாவது நாள் வந்த பதிலில் தகவல் எதுவுமில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு அரைப்பக்கக் கடிதம் வந்தது: கால வரம்பு குறித்த சுற்றறிக்கை எதுவும் அலுவலகத்தில் இல்லை.

அரசுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் அக்கா தாக்கல் செய்த ரிட் மனுவுக்கு அந்த அரைப்பக்கம்தான் முதுகெலும்பு. தகவல் கேட்கக் குடியுரிமை வேண்டும். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் நீதிமன்றத்தை நாட அது தேவையில்லை. அரசமைப்பின் 21-ஆவது பிரிவு எல்லா மனிதருக்கும் உரியது என்பதை, அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்கு முன்பே 1992-இல், ஈழத் தமிழ் அகதிகளை விருப்பமின்றித் திருப்பி அனுப்புவதற்கு எதிராகப் பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் இதே சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு மதுரைக் கிளை உத்தரவிட்டது 2022-இல்தான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று சட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தும், அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு வழக்கு தேவைப்பட்டதை எண்ணினால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இது தேசப் பாதுகாப்பு, இதில் கேள்வி கேட்கலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நிலுவையில் உள்ள விண்ணப்பங்களின் எண்ணிக்கையில் எந்த ரகசியமும் இல்லை. உளவுத்துறைக்கு விலக்கு அளிக்கும் 24-ஆவது பிரிவேகூட, ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றுதான் சொல்கிறது.

‘பரிசீலனையில் உள்ளது’ என்றது அரசுத் தரப்பு. எங்கள் வழக்கறிஞர் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்குமாறு நீதிபதி உத்தரவிட்டார். ஏழாவது வாரம் அக்காவுக்கு அனுமதி கிடைத்தது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு செய்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி முகாமில் இதேபோல் காத்திருக்கும் குடும்பங்களுக்காக அடுத்த மனுக்கள் தயாராக உள்ளன. எல்லாம் என் ஒருவன் பெயரிலேயே போவது சரியில்லை என்பதால், கையெழுத்திட இரண்டு பேர் தேவை. முன்வருபவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். மனுவை நானே கொண்டுவந்து தருகிறேன்.