இடப்பக்கம் திரும்பி நின்றால் ஸ்லைஸ் தீராது

அண்ணை, கோல்ஃபில் வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து போவதுதான் ஸ்லைஸ். அதற்கு நீங்கள், "ஸ்லைஸ் போனால் இன்னும் இடப்பக்கம் பார்த்து நில்லுங்கள், பந்து தானாக நடுவுக்கு வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வலக்கைக்காரருக்கு இது நோயை வளர்க்கிற வைத்தியம்.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். டிரைவர் என்ற நீள மட்டையில் ஏறத்தாழ 85 சதவீதம் அதன் பங்குதான். வளைவு வருவது முகத்துக்கும் வீச்சின் பாதைக்கும் உள்ள இடைவெளியால். கால்களை இடப்பக்கம் திருப்பினால் பாதையும் இடப்பக்கம் போகும், முகம் மட்டும் பழையபடி இலக்கையே பார்க்கும். இடைவெளி கூடும், வளைவும் கூடும்.

முதலில் பிடியைப் பாருங்கள். மட்டையைப் பிடித்தபடி குனிந்தால் இடக்கையில் இரண்டு, மூன்று விரல் மொளிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் முகம் திறந்தே வரும். பாதையைத் திருத்துவது அப்புறம்.

யாழ்ப்பாணத்தில் வலை கட்டி அடிப்பவர்களுக்கு வளைவு கண்ணில் படாது, சரி. டிரைவர் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் பூசி அடியுங்கள். தடம் தண்டுப் பக்கமாக, குதியில் விழுந்தால் அதுவே ஸ்லைஸ் சுழற்சியைக் கூட்டும். அப்படியானால் பிடியை மாற்றுவது மட்டும் போதாது, பந்துக்குச் சற்று விலகியும் நிற்க வேண்டும்.

நுவரெலியாவில் அடித்தபோது குறைந்துவிட்டது என்கிறீர்களே, அந்த இடம் 1,800 மீட்டருக்கு மேல். மெல்லிய காற்றில் எவர் அடித்தாலும் பந்து குறைவாகத்தான் வளையும்.