யாரிடம் வழி கேட்பது என்பதை என் ஃபோன் முடிவு செய்யக் கூடாது

எங்கள் வீட்டு ஃபோன் ஒன்றில் வந்த அப்டேட், நான் அணைத்து வைத்திருந்த செட்டிங்கைக் கேட்காமலே மாற்றிவிட்டது என்று நேற்று நான் எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு கமெண்ட் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்கிறீர்கள். பிரச்சினைதான். காசு கொடுத்து வாங்கிய ஃபோன் யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பதை, அதை வாங்கியவன்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்வது இது ஒன்றுதான்.

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று ஃபோன் முதலில் யாரிடமாவது கேட்டாக வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. அதற்கு முன்பு எல்லாப் பெயர்களும் ஒரே ஃபைலில் இருந்தன. அதன் வாரிசான ஹோஸ்ட்ஸ் ஃபைல் இன்றும் நம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதில் நாம் கையால் எழுதி வைத்ததற்குத்தான் முதல் மரியாதை என்பது பழைய வழக்கம்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், ரவுட்டருக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்கிற கையளவு கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் பை-ஹோல் ஓடுகிறது, வேண்டாத தளங்களைத் தடுக்கிற டிஎன்எஸ் மென்பொருள். வீட்டிலுள்ள எல்லா ஃபோனும் அதனிடம்தான் பெயர் கேட்க வேண்டும். மோசடித் தளங்களின் பட்டியல் அதில் இருக்கிறது, கேட்டால் வழி சொல்லாது. இத்தனையும் அப்பச்சிக்காக, அதாவது அப்பாவுக்காகச் செய்தது. அவருக்கு 78 வயது. மெசேஜில் வருவதை எல்லாம் தொட்டுப் பார்ப்பார்.

போன வாரம் "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. தொட்டார், திறந்தது, கார்டு எண்ணைப் போட்டார், பணம் போயிற்று. அந்தத் தளம் என் பட்டியலில் இருந்ததுதான், பார்த்துவிட்டேன். ஆனால் பை-ஹோல் பதிவில் நாலு நாளாக அப்பச்சி ஃபோனின் பெயரே இல்லை. அப்டேட் வந்த அன்றிலிருந்து அந்த ஃபோன் வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டு, தன் கம்பெனி கைகாட்டிய இடத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் அணைத்து வைத்திருந்த செட்டிங்கை அது தானாகப் போட்டுக்கொண்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். இங்கே வீட்டுக்குக் கதவு எண் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும், விலாசம்தான், அதாவது குடும்பத்தின் இனிஷியல் எழுத்துகள். எங்களுக்கு மூன்று எழுத்து. பங்காளி வீட்டுக்கு அதே மூன்றும் கூட ஒன்றும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, பள்ளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் வெற்றிலைக் கடையில்தான் விலாசம் கேட்பார்கள். எங்கள் அயித்தையைப் பெண் பார்க்க தேவகோட்டையிலிருந்து வந்தவர்களும் அங்கேதான் கேட்டார்கள். கடைக்காரர் அவர்களைப் பங்காளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கேயும் கல்யாண வயதில் பெண் இருந்தது. சம்பந்தம் அங்கே முடிந்தது. ஐயா போய்க் கேட்டதற்கு, "அவுகளுக்கு அதுதான் தோதா இருக்கும்னு நெனச்சேன்" என்றாராம். கெட்ட மனிதர் இல்லை. நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். அயித்தைக்கு அதன் பிறகு நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆனது. அப்பத்தா சாகும் வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டது எந்த வீடோ அந்த வீட்டைக் காட்ட வேண்டும். எது தோது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

சரி, "அது பாதுகாப்புக்காகச் செய்வது" என்கிறீர்கள். பழைய டிஎன்எஸ் கேள்வி திறந்த தபால் அட்டை மாதிரி, நடுவில் இருக்கிற யாரும் படிக்கலாம், மறுக்கவில்லை. அதை மூடிய உறையில் அனுப்பத்தான் 2016-லும் 2018-லும் புதிய தரநிலைகள் வந்தன. நல்ல விஷயம். என் ராஸ்பெர்ரி பையும் வெளியே உறையிட்டுத்தான் கேட்கிறது. உறை போடுவது வேறு, யாருக்கு அனுப்புவது என்பது வேறு. ஆண்ட்ராய்டு 9-ல் இப்படி உறையிடும் தானியங்கி முறையைக் கூகுள் கொண்டுவந்தபோது, வீட்டு நெட்வொர்க் சொல்லும் டிஎன்எஸ்ஸுக்கே உறையிட்டு அனுப்ப முடியுமா என்றுதான் அது பார்த்தது. அப்படிச் செய்ய முடியும். செய்ய மனம் வேண்டும்.

இன்னொருவர் டிஎன்எஸ்சேஞ்சர் வைரஸை நினைவுபடுத்தினார். சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ்ஸைத் திருடர்கள் மாற்றி வைத்து, 2011-ல் பிடிபட்டார்கள். உண்மை. அதனால் சிஸ்டம் காவல் காக்க வேண்டும் என்கிறார். காக்கட்டும். "டிஎன்எஸ் மாறியிருக்கிறது, நீங்கள் மாற்றியதா?" என்று கேட்டால் போதுமே. திருடன் செய்ததும் கேட்காமல் மாற்றியதுதான். 2020-ல் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர், மைக்ரோசாஃப்ட்டின் தகவல் சேகரிப்பு முகவரிகளை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் தடுத்து வைத்தவர்களுக்கு அதையே ஆபத்து என்று எச்சரிக்கை காட்டியது. சொந்தக்காரன் எழுதி வைத்தது ஆபத்தாகிவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

"சாதாரண ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது, கம்பெனிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியவருக்கு மட்டும் பதில் எழுத நேற்று எனக்குக் கை வரவில்லை. அப்பச்சி சாதாரண ஆள்தான். அவருக்குத் தெரியாது என்பதால்தான் நான் பார்த்துக்கொண்டேன். மாதக்கணக்கில் ராத்திரி உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் சரிசெய்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த கம்பெனி என்னை விலக்கிவிட்டது, அப்புறம் பணம் போனபோது அது அங்கே இல்லை.

நேற்றிரவு அந்தச் செட்டிங்கை மறுபடி அணைத்தேன். 9.40-க்கு அவர் ஃபோனின் பெயர் பதிவில் வந்தது. அப்பச்சியிடம் சொன்னேன், இனிப் பயமில்லை என்று. அவர் ஃபோனை வாங்கிக்கொள்ளவில்லை. இன்று காலையில் பேத்தி அனுப்பிய போட்டோவைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதத் தொடலாமா?" என்று கேட்டார்.