விடுப்புப் படிவத்தில் இல்லாத பெரியம்மா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நடந்தது இது. இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த சக ஊழியர் ஒருவரின் பெரியம்மா காலமானார். சிறுவயதிலேயே தாயை இழந்த அவரைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும், பின்னர் மணம் முடித்துக் கொடுத்ததும் அந்தப் பெரியம்மாதான். ஆங்கிலத்தில் இருந்த விடுப்புப் படிவத்தின் உறவுமுறைக் கட்டத்தில் அவர் முதலில் 'மதர்' என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அருகில் சிறிய எழுத்தில் 'ஆன்ட்டி' என்று எழுதியிருந்தார். சந்தையில் காய்கறி விற்பவரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் நாம் இங்கே ஆன்ட்டி என்றுதானே அழைக்கிறோம்? தமிழ் பேச மறந்துபோன வீடுகளில்கூடப் பெரியம்மா என்ற சொல் பிழைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

"ஆன்ட்டி பட்டியலில் இல்லையே" என்றார் மேலாளர். எதிர் மேசையில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

மேலாளர் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் ஆண்டுக்கு 3 நாள் சம்பளத்துடன் குடும்பப் பொறுப்பு விடுப்புத் தருகிறது. மரணத்திற்காக அதை எடுக்க வேண்டுமென்றால், இறந்தவர் வாழ்க்கைத் துணையாகவோ, பெற்றோர், தாத்தா, பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தார் ஆகியோரில் ஒருவராகவோ இருக்க வேண்டும். பெரியம்மாவும் தாய்மாமனும் மாமியாரும் அந்த வரிசையில் இல்லை. ஆனால் சட்டம் வகுத்திருப்பது குறைந்தபட்ச அளவு மட்டுமே. அதற்கு மேல் கொடுக்க மனமுள்ள நிறுவனத்தை எந்தச் சட்டப் பிரிவும் தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்கன்று காலை அந்தச் சக ஊழியர் தொலைபேசியில் அழைத்து, வயிற்றுவலி என்று சொன்னார். நோய் விடுப்பில் தொடர்ந்து இரண்டு நாள் வரை வராமல் இருப்பவரிடம் பொதுவாக மருத்துவச் சான்று கேட்க முடியாது. கல்லாவில் பத்து சென்ட் குறைந்தாலும் மாலை வரை உட்கார்ந்து தேடுகிற ஒருவரை, உண்மைக்குக் கதவை மூடி, பொய் சொல்லப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பணியிடத் துன்புறுத்தல் தடுப்பு நெறிமுறையை நான் மனமார வரவேற்றேன். ஆயினும் இந்த நிகழ்ச்சியை அது தொடாது. ஏனெனில் யாரும் குரலை உயர்த்தவில்லை, யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை நடத்தும் மனநலக் கூட்டமும், சுவரில் ஒட்டிய ஆலோசனைத் தொலைபேசி எண்ணும் வேண்டியவைதான். என் அளவுகோல் வேறு: வீட்டில் சாவு விழுந்த ஒருவர், குறுக்கு விசாரணைக்கு அஞ்சாமல், உள்ளதை உள்ளபடி சொல்லி விடுப்புக் கேட்க முடிகிறதா?

அன்று அவருடைய துயரத்தை விளக்கமின்றிப் புரிந்துகொண்டவர் எங்கள் பிரிவில் இருந்த ஒரு ஜூலுப் பெண்மணிதான். தாயின் அக்காளை அவர்கள் 'மாம்குலு', அதாவது பெரிய தாய், என்று அழைக்கிறார்கள். இருவரும் நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே வெகுநேரம் கைகோத்து நின்றார்கள்.

இப்போது வேறோர் இடத்தில் ஒரு சிறு குழு என் பொறுப்பில் இருக்கிறது. சாவுச் செய்தி சொல்பவரிடம் எப்போது புறப்பட வேண்டும், மேசையில் காத்திருக்க முடியாத வேலை எது என்று மட்டும் கேட்கிறேன். படிவத்தைத் திரும்பி வந்தபின் நிரப்பலாம். அண்மையில் ஓர் இளைஞரின் மாம்குலு இறந்தார். வெள்ளி இரவு விழிப்பு, சனிக்கிழமை அடக்கம். ஆகவே வியாழனன்றே ஊருக்குப் போக வேண்டும் என்றார். அதுவோ மாதக் கடைசி. போய் வாருங்கள் என்றதும் சற்றுத் தயங்கி நின்று, ஒரு வங்கிக் கணக்கை இரண்டு வாரமாகச் சரிபார்க்காமல் வைத்திருப்பதையும் சொன்னார். அவர் பேருந்து ஏறிய அன்று மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து அதை முடித்தோம்.