கையுறை போட்டாலும் கை சுத்தம் செய்தாக வேண்டும்

"கையுறை போட்டுவிட்டால் நர்ஸ்கள் கை கழுவத் தேவையில்லை" என்று சொல்லப்படுவது தவறு. நம்பி நடந்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து.

கையுறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், கழற்றும்போது வெளிப்புற அழுக்கு விரலிலும் மணிக்கட்டிலும் ஒட்டிக்கொள்வது. அதனால் கழற்றிய உடனே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்த நோயாளிக்குப் புதுக் கையுறை. போட்டிருக்கும் கையுறைமேல் சானிடைசர் தேய்ப்பது மாற்று ஆகாது. ஒரே நோயாளியிடம்கூட, சிறுநீர் சேகரிக்கும் பையைத் தொட்ட கையுறையோடு, ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் ஐவி குழாயைத் தொடக்கூடாது. வார்டுகளில் அதிகம் நழுவுவது இங்கேதான்.

கையில் அழுக்கு தெரியாவிட்டால் ஆல்கஹால் கரைசல் போதும்: உள்ளங்கை நிறைய எடுத்து, காயும்வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் விரல்நுனிகளும்தான் பெரும்பாலும் விடுபடும். ரத்தமோ மலமோ பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும், மொத்தம் 40 முதல் 60 விநாடி. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு உள்ளவரைக் கவனித்த பிறகும் சோப்புதான். அந்தப் பாக்டீரியாவின் வித்துகளை (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹால் அழிக்காது, தேய்த்துக் கழுவினால்தான் நீங்கும்.